பக்கவாதம் முதல் முதுகுத்தண்டு அடி வரை: நரம்பு வைத்தியம் எங்கே வந்து நிற்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் யாருக்காவது பக்கவாதம் வந்தால் ஊரே சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துவிடும்: "தலையில வந்தது, இனி அவ்வளவுதான்." முதுகில் அடிபட்டுக் கால் விழுந்தவரைப் பற்றியும் இதே பேச்சுதான். முப்பது வருடத்துக்கு முன்னால் அதில் பெரும்பகுதி உண்மை. இன்றைக்கு அப்படி இல்லை. என்ன மாறியிருக்கிறது, எது இன்னும் மாறவில்லை என்பதை மருத்துவம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். விவரம் தெரியாமல் நேரத்தைத் தவறவிட்டவர்களையும், அரைகுறையாகக் கேள்விப்பட்டு நகையை விற்றவர்களையும் எங்கள் பக்கத்தில் பார்த்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதத் தோன்றியது.

முதலில் அடிப்படை. மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதனிடம் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. ரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாகத் தொடங்கும். மூளையின் அடியிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குவது தண்டுவடம். சுமார் 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து கை, கால், குடல், சிறுநீர்ப்பை என்று போகின்றன.

அரிவாள் பட்டுக் கையில் ஒரு நரம்பு அறுந்தால், சரியாகத் தைத்துவிட்டால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அது மறுபடி வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அப்படி நடப்பதில்லை. அங்குள்ள செல்லுக்கு வளரும் சக்தியே இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1981-இல் கனடாவின் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்ற இருவர் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பாலமாக வைத்தார்கள். வளராது என்று சொல்லப்பட்ட அதே செல்களின் இழைகள் அந்தப் பாலத்துக்குள் செ.மீ. கணக்கில் வளர்ந்தன. ஆக, செல்லுக்கு வளரத் தெரிகிறது, சுற்றுப்புறம்தான் விடவில்லை. நரம்பிழையைச் சுற்றியுள்ள உறையில் இருக்கும் சில புரதங்களும், காயம் ஆறும்போது உண்டாகும் தழும்பும் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்தத் தடையை நீக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். தண்டுவடத்தில் அறுந்ததை மறுபடி வளரவைத்து ஒட்டும் மருந்து இன்றுவரை இல்லை. இதுவரை கிடைத்த முன்னேற்றம் எல்லாம் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போன வழிகள்: சாகும் முன் செல்லைக் காப்பாற்றுவது, மிச்சம் இருப்பதை வேலை வாங்குவது, சில நோய்களில் மூலகாரணத்தையே திருத்துவது.

பக்கவாதத்தில் ஆரம்பிக்கலாம். நம் கைக்கு அதிகம் எட்டியிருப்பது இதில் வந்த முன்னேற்றம்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு வகை. வெடித்து ரத்தம் கசிந்தால் இன்னொரு வகை. அடைப்புதான் அதிகம். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. நடுப்பகுதி முதலில் போய்விடும். அதைச் சுற்றி இருக்கும் பகுதி வேலை செய்யாது, செத்தும் போகாது. பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்ச ரத்தத்தை வைத்துத் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பகுதியைக் காப்பாற்றத்தான் இத்தனை அவசரமும்.

உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது கெடு 3 மணி நேரம். 2008-இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய திருப்பம் 2015-இல் வந்தது. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய், கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடும் முறை நன்றாக வேலை செய்கிறது என்று அந்த ஒரே வருடத்தில் ஐந்து ஆய்வுகள் காட்டின. 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்று நிறுவின.

இந்தக் கடைசி விஷயம் செட்டிநாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு நீளும் வீடு, உள்ளே ஐயாவும் அப்பத்தாவும் மட்டும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ. ராத்திரி படுக்கப் போனவர் காலையில் வாய் கோணிக் கிடப்பதை, வாசல் தெளிக்க வருகிற பெண்தான் முதலில் பார்க்கிறாள். "எப்ப வந்துச்சுன்னே தெரியலையே" என்று கையைப் பிசைவார்கள். டாக்டர் கேட்கும் கேள்வி வேறு: "கடைசியா எப்ப நல்லாப் பேசுனாங்க?" கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்த நேரத்திலிருந்து. ராத்திரி பத்து மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து மகன் போன் போட்டு அப்பத்தாவிடம் நன்றாகப் பேசியிருந்தால், அந்த போன் நேரமே பெரிய ஆதாரம். அதை மகன் உடனே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தூக்கத்தில் வந்த பக்கவாதம் என்றால் ஊசியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இப்போது ஸ்கேன் பார்த்து முடிவு செய்ய வழி இருக்கிறது. "நேரம் போயிருச்சு" என்று வீட்டிலேயே நாமாகத் தீர்மானித்துவிடக் கூடாது.

அதற்காக மெதுவாகப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த 24 மணி நேரம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, முதல் மணி நேரங்களில் போனவருக்கே பலன் அதிகம். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கி.மீ. ஒரு பக்கம் வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போதே, சிடி ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேன் ஏன் முதலில் என்றால், அடைப்பும் ரத்தக்கசிவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. அதே காரணத்தால் வீட்டில் ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது. தண்ணீர், காப்பி எதுவும் வேண்டாம். விழுங்கும் தசை வேலை செய்யாமல் நுரையீரலுக்குள் போய்விடும். புறா ரத்தம் தடவுவது இன்னும் சில கிராமங்களில் நடக்கிறது. தடவுவதால் நேரடிக் கெடுதல் இல்லாமல் இருக்கலாம். புறாவைத் தேடி அலைகிற நேரத்தில் மூளை போய்விடும்.

சரி, நேரம் தவறிவிட்டது, கை விழுந்துவிட்டது. அப்புறம்? மூளைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒரு பகுதி செத்தால், பக்கத்தில் உள்ள பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் சும்மா கற்றுக்கொள்ளாது. திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால்தான். அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்பவர் வளர்த்தெடுத்த ஒரு முறையில் நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிவிடுவார்கள். பலவீனமான கையாலேயே டம்ளரை எடுக்க வேண்டும், பொத்தான் போட வேண்டும், தினமும் பல மணி நேரம். விரல் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்கு இது பலன் தருகிறது என்று 2006-இல் வெளிவந்த பெரிய ஆய்வு உறுதி செய்தது. நம் வீடுகளில் அன்பின் பேரில் இதற்கு நேர் எதிராகத்தான் நடக்கிறது. "ஐயா, நீங்க சும்மா இருங்க, நான் ஊட்டுறேன்" என்று வாயில் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போனால் மூளை அதைக் கைகழுவிவிடும். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா நவீனக் கருவிகளையும்விட நம் ஊரில் அதிகம் பேருக்கு உதவக்கூடியது பிசியோதெரபிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

இனி தண்டுவடம். இங்கே அடிபடும் விதங்கள் நமக்குத் தெரிந்தவைதான். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுவது, பழைய வீட்டின் உயரமான சுவரில் சாரம் கட்டி வெள்ளையடிக்கும்போது விழுவது, திருச்சி ராமேசுவரம் சாலையில் பைக் விபத்து, தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு போன்ற இடங்களில் மாடு தூக்கி எறிவது. அந்த நிமிடத்தில் சுற்றி நிற்கிறவர்கள் செய்வதுதான் பாதி வைத்தியம். நாலு பேர் கையையும் காலையும் பிடித்து, மடக்கி, ஆட்டோவுக்குள் திணித்தால், நசுங்கி மட்டும் இருந்த தண்டுவடம் அறுந்தே போகலாம். கழுத்தும் முதுகும் திரும்பாமல், தலையிலிருந்து கால்வரை ஒரே நேர்கோட்டில் வைத்து, பலகையில் ஏற்ற வேண்டும். 108 வண்டியில் அதற்கான பலகை இருக்கும். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். காப்பீட்டு அட்டை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்ய முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் வீட்டமைப்பையே நினைத்துக்கொள்ளலாம். முகப்பில் நின்று கூப்பிட்டால் குரல் வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி அடுப்படி வரை போகும். நடுவில் ஒரு கதவு அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அடுப்படியில் ஆட்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையும் தெரியும். கூப்பாடுதான் எட்டவில்லை. நடப்பதற்கான தாளத்தைப் போடும் நரம்பு வலைப்பின்னல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. மேலே முறிவு ஏற்பட்டாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. பல பேருக்கு முறிவைத் தாண்டிச் சில இழைகளும் தப்பியிருக்கும். அவற்றின் குரல் மிகவும் மெல்லியதாக இருக்கும். கீழே உள்ள வலைப்பின்னலுக்கு லேசான மின்துடிப்பு கொடுத்து அதை விழிப்பாக வைத்தால், அந்த மெல்லிய குரலையும் அது கேட்டுவிடும்.

இந்த எண்ணத்தில் அமெரிக்காவின் லூயிவில்லில் நடந்த முயற்சியில், நெஞ்சுக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞர் மின்துடிப்பின் உதவியோடு எழுந்து நின்றதை 2011-இல் வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரெகுவார் கூர்தீன் என்ற ஆய்வாளரும் ஜோஸ்லின் ப்ளோக் என்ற அறுவை மருத்துவரும் இதை வேகமாக முன்னெடுத்தார்கள். 2018-இல், தண்டுவடத்தில் அடிபட்ட மூன்று பேர் மின்துடிப்பின் துணையோடு நடந்தார்கள். 2022-இல், அசைவு, உணர்வு இரண்டும் முழுதாக இழந்திருந்த வேறு மூன்று பேரும் தாங்குகருவியோடு அடி எடுத்து வைத்தார்கள். 2023-இல் நெதர்லாந்துக்காரர் ஒருவருக்கு மூளையின் மேல் ஒரு கருவி, தண்டுவடத்தின் மேல் ஒரு கருவி என இரண்டையும் வைத்து, நடுவில் உள்ள முறிவைத் தாண்டிக் கம்பியில்லாமல் இணைத்தார்கள். நடக்க வேண்டும் என்று அவர் நினைப்பதே கால்களுக்குச் செய்தியாகப் போகிறது. 2024 டிசம்பரில், அறுவையே இல்லாமல் கழுத்தின் தோலில் ஒட்டிப் பயன்படுத்தும் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கழுத்தில் அடிபட்டவர்களின் கை வலுவையும் பிடிப்பையும் பயிற்சியோடு சேர்ந்து கூட்டுவதற்கு அது.

இதைப் படித்ததும் "நம்ம பிள்ளைக்கும் கிடைக்குமா" என்று கேட்கத் தோன்றும். பொருத்தும் கருவிகள் இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டுப் பரவலாக வரவில்லை. வந்தாலும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தால்தான் பலன். அதுவரை ஆள் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் செய்தித்தாளில் வராத முன்னேற்றம் இருக்கிறது. முன்காலத்தில் தண்டுவடத்தில் அடிபட்டவர்களைக் கொன்றது பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறும் படுக்கைப்புண்ணும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான சிறு குழாயைத் தாமே செருகிச் சிறுநீரை எடுத்துவிடும் பழக்கம் வந்த பிறகு சிறுநீரகம் தப்பியது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, சக்கர நாற்காலியில் அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்குவது, இவற்றால் புண் வராமல் தடுக்கலாம். இதற்கெல்லாம் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இப்படிப்பட்ட மறுவாழ்வுப் பணியைச் செய்துவருகிறது.

மூளைக்குள் மின்துடிப்பு கொடுக்கும் வைத்தியம் இதைவிடப் பழையது. நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகும். லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை நிரப்புகிறது. நம் பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா இருக்கிறது. ஆனால் விதைக்கு விதை அளவு மாறும் என்பதால் மாத்திரையை நிறுத்திவிட்டு அதைப் பொடித்துச் சாப்பிடுவது ஆபத்து. வருடங்கள் போகப் போக மாத்திரை விட்டுவிட்டு வேலை செய்யும். 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட், மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியில் தொடர்ந்து வேகமான மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் நிற்பதைக் காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் மூளைக்குள் மின்முனையும் நெஞ்சுத் தோலுக்குள் பேட்டரியும் வைக்கும் இன்றைய சிகிச்சை. இந்தியாவிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். நடுக்கமும் விறைப்பும் குறையும். நோய் வளர்வதை அது நிறுத்தாது.

காரைக்குடிக்காரனாக இந்த இடத்தில் ஒன்று தோன்றும். உடம்பின் உப்பு நீருக்குள் ஒரு உலோகம் அரிக்காமல் வருடக்கணக்கில் மின்சாரம் கடத்த வேண்டும் என்பதே இந்தக் கருவிகளின் பெரிய சவால். அதனால்தான் பிளாட்டினம் இரிடியம் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். இது முழுக்க முழுக்க மின்வேதியியல். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த நம் ஊர் செக்ரி ஆய்வகத்தின் துறையே இதுதான். அரிப்பும் பேட்டரியும் அங்கே அன்றாடப் பேச்சு. நரம்பு வைத்தியம் டாக்டர் ஆக நினைக்கும் பிள்ளைக்கு மட்டும் உரியது இல்லை; வேதியியல் படிக்கிற பிள்ளைக்கும் இதில் இடம் இருக்கிறது.

மூலகாரணத்தையே திருத்துவது என்றேன். அதற்கு நல்ல உதாரணம் எஸ்எம்ஏ என்ற குழந்தை நோய். தண்டுவடத்தில் தசையை இயக்கும் செல்கள் உயிரோடு இருக்க ஒரு புரதம் வேண்டும். அதைச் செய்யும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் குழந்தையின் கழுத்து நிற்காது, மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். 2016 டிசம்பரில் முதல் மருந்து வந்தது; முதுகில் ஊசி வழியாகத் தண்டுவட நீரில் செலுத்துவது. 2019-இல், நல்ல மரபணுவையே தீங்கில்லாத வைரஸில் ஏற்றி ஒரே தடவை செலுத்தும் மருந்து வந்தது. 16 கோடி ரூபாய் என்று செய்திகளில் அடிபட்டது அதுதான். 2020-இல் வாய்வழி மருந்து. எதுவானாலும் செத்த செல்லைத் திருப்பித் தராது என்பதால், அறிகுறி தெரியும் முன் கொடுத்தால்தான் முழுப் பலன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகரத்தாரில் ஒரே கோயில் பிரிவுக்குள் கல்யாணம் கிடையாது. ஆனால் அத்தை மகள், மாமன் மகள் முறை உண்டு. மற்ற பல சமூகங்களில் அக்கா மகளைக் கட்டுவதும் உண்டு. இப்படி நெருங்கிய சொந்தத்தில் ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தை இருந்தால், கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பத்துக்கு முன்போ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வலிப்பு நோயில் புதிய மருந்தைவிடப் பழைய மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதே பெரிய விஷயம். சரியான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை, தானாகத்தான் நிற்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. மறதி நோயான அல்சைமருக்கு 2023-இலும் 2024-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டு ஊசி மருந்துகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும், நோய் போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். முதல் மருந்தின் ஆய்வில் ஒன்றரை வருடத்தில் 27 சதவீதம் குறைந்தது. நினைவு திரும்பாது. மூளை வீக்கம், சிறு கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் வேண்டும். இதற்காக வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன்.

கடைசியாக, எனக்கு அதிகக் கோபம் வரும் விஷயம். "ஸ்டெம் செல் போட்டால் தண்டுவடம் வளர்ந்துவிடும்" என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: ரத்தம் தொடர்பான சில நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகைச் சிகிச்சை தவிர, மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான வைத்தியமாகக் கொடுக்கக் கூடாது, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். யாராவது அப்படி ஒரு சிகிச்சையைச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது ஆய்வா? ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண் என்ன? அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவான ஆய்வு என்றால் சேருகிறவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. எண்ணைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொன்னால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.